கட்டுமானத்தில் முழுமை நோக்கு

கட்டுமானத்தில் முழுமை நோக்கு என்பது, ஒரு கட்டடப் பணியின் மண், அடித்தளம், பொருள், கால ஒழுங்கு, தொழிலாளர் ஆகியவற்றைத் தனித்தனியே பாராது, ஒன்றில் நேரும் மாற்றம் மற்றவற்றை எவ்வாறு பாதிக்கும் என முன்கூட்டியே காணும் திறன் ஆகும். திட்ட மேலாளருக்கு இது இன்றியமையாதது. பெரிய விபத்துகள் பலவும் ஒருவர் பொறுப்பு முடிந்து அடுத்தவர் பொறுப்பு தொடங்கும் இடத்திலேயே தோன்றுகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்திரசாயி கோயிலின் 11 நிலை இராசகோபுரம் சுமார் 192 அடி உயரமுடையது. மேலே செல்லச் செல்ல ஒடுங்குவதால், அதன் சுமை கீழிறங்கும் வழி வெளியிலிருந்தே புலப்படும். தற்காலக் கட்டடத்தில் அவ்வழி கான்கிரீட்டினுள் மறைந்துள்ளது. அதை வடிவமைப்பவர் ஒருவர். கம்பி கட்டுபவர் வேறொருவர். பொருள் வாங்குபவர் இன்னொருவர்.

முட்டும் சிமெண்டும்

இந்தியத் தர நியமம் ஐ.எஸ். 456 (2000), சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டு பயன்படுத்தும்போது, 4.5 மீட்டர் வரையான தளத்தின் முட்டுகளை எடுக்கக் குறைந்தது 7 நாட்களும், அதற்கு மேற்பட்ட தளத்திற்கு 14 நாட்களும் கழிய வேண்டும் என்கிறது. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டோ தொடக்கத்தில் மெதுவாகவே வலுப்பெறும். பொருள் வாங்குபவர் சிமெண்டு வகையை மாற்றி, அச்செய்தி மேற்பார்வையாளரைச் சேராவிடின், 7ஆம் நாளில் முட்டெடுப்பது ஆபத்தாகலாம். இருவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பர் என்பது கவனிக்கத்தக்கது.

இராஜபாளையம் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் கரிசல் மண் பரவலாக உள்ளது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் இம்மண்ணில் அடித்தளக் குழியை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் முடிப்பது நலம். ஆகவே, வரைபட ஒப்புதலில் நேரும் தாமதமும் குழியில் இறங்கும் தொழிலாளியின் பாதுகாப்பைப் பாதிக்கும்.

இரு விபத்துகள்

அமெரிக்காவின் கன்சாஸ் நகரில், 1981 சூலை 17 அன்று விடுதி ஒன்றின் தொங்கு நடைபாதைகள் வீழ்ந்து 114 பேர் இறந்தனர். கூரையிலிருந்து இரு நடைபாதைகளையும் தாங்கவிருந்த நீண்ட கம்பிகளுக்குப் பதிலாக, வேலை எளிமைக்காக இரு தொகுதிக் கம்பிகள் பொருத்தப்பட்டன. இதனால் கீழ்நடைபாதை மேல்நடைபாதையிலிருந்து தொங்கியது. மேல் இணைப்பின் சுமை இரு மடங்காயிற்று. அதனை எவரும் மீளக் கணக்கிடவில்லை.

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், 2014 சூன் 28 அன்று மழையின்போது, கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். தொடக்கத்தில் இடியே காரணம் எனக் கட்டுநர் தரப்பில் கூறப்பட்டது. அரசு, நீதிபதி இரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அருகில் நின்ற இணைக் கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கண்டறியப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.