சின்னக் கொக்கின் மஞ்சள் பாதம்

மந்திர் மார்க் என்றதும் தில்லித் தமிழர்களுக்குத் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு பிர்லா மந்திர். குளிர்காலத்திலோ காற்று மாசுச் செய்திகளில் அடிபடும் பெயர். நீர்ப்பறவை பார்க்கிற இடமில்லைதான். ஆனால் பக்கத்திலுள்ள ஆர்.கே. ஆசிரம மார்க் நிலையத்தில் மெட்ரோ ஏறி, சுப்ரீம் கோர்ட் நிலையத்தில் இறங்கினால் உயிரியல் பூங்கா அருகில். (வெள்ளிக்கிழமை போய் ஏமாறாதீர்கள், விடுமுறை.)

அங்குள்ள குளங்களுக்கு, 1960 முதல் மஞ்சள்மூக்கு நாரைகள் தாமாகவே வந்து கூடு கட்டுகின்றன. கூண்டுப் பறவைகள் அல்ல. வளர்ந்த நாரைக்கு வெள்ளை உடல், மார்பில் கறுப்புப் பட்டை, வாலருகே ரோஜா நிற இறகுகள். குஞ்சுக்கு இதில் ஒன்றும் இல்லை, அழுக்குப் பழுப்பு. ஒரே கூட்டில் இரண்டு இனமோ என்று முதல்முறை பார்ப்பவர் குழம்புவார். தில்லியில் இவை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வரும். நெல்லைக் கூந்தன்குளத்திலோ வடகிழக்கு மழை குளத்தை நிரப்பிய பிறகுதான். ஆக, கூடு கட்டும் காலத்து இறகின் பளபளப்பும் ஊருக்கு ஊர் வேறு மாதத்தில்.

அடையாளம் காண்பதில் உண்மையான தலைவலி வெள்ளைக் கொக்குகள். நிறத்தை நம்பினால் போச்சு. உண்ணிக்கொக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பூசியதுபோல் மாறிவிடும். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு அப்போது கறுத்துவிடும். நடுத்தரக் கொக்குக்கும் அப்படியே. இவ்விரண்டையும் பிரிக்க வாய்க்கோட்டைப் பாருங்கள்: பெரியதற்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரத்துக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்.

வயலோரத்துக் குருட்டுக்கொக்கு இன்னும் கெட்டிக்காரன். சேற்று நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எழுந்து பறந்தால் சட்டென்று வெள்ளைச் சிறகு. கூடு கட்டும் காலத்தில் முதுகில் அரக்குப் போர்வை வேறு.

சின்னக் கொக்குக்கு அப்போது பிடரியில் இரண்டு நீண்ட இறகுகள் தொங்கும். முதுகில் மெல்லிய தூவிகளும் முளைக்கும். ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக இப்படிப்பட்ட தூவிகளைப் பிடுங்கி ஏற்றுமதி செய்தார்கள். 1902இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடுத்தது. மற்ற மாதங்களில் இந்த அலங்காரம் இருக்காது. கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் ஆகியவைதான் துணை. பாதமோ தண்ணீருக்குள் கிடக்கும். கொக்கு பறக்கும்வரை காத்திருங்கள். வாலுக்குப் பின்னால் மஞ்சள் தெரியும்.