நீத்தார் அறிவிப்பும் குடும்ப வரலாறும்

பாட்டனார் பெயரை நாம் அறிவோம். அவருடைய தந்தையார் பெயரை அறிந்தவர் நம்மில் சிலரே. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலும், தொழில் தலைமுறைதோறும் தொடர, அதைக் கற்பித்தவர் பெயர் மறைந்துவிடுவதுண்டு.

அப்பெயரைத் தேடுவோருக்குப் பழைய செய்தித்தாள்களின் நீத்தார் அறிவிப்பு ஒரு வழிகாட்டியாகும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழந்தமிழ் இதழ்கள் காக்கப்பட்டுள்ளன. இறந்தவரைக் குறித்த அறிவிப்பாயினும், மக்கள், மருமக்கள், அவர்தம் ஊர்கள் என உயிரோடிருந்த உறவினரையும் அது காட்டக்கூடும். பெயரின் தலைப்பெழுத்து தந்தையாரைச் சுட்டும். மணமான பெண்ணாயின் கணவரையும் சுட்டலாம்.

படிக்கும்போது கவனம் வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. ஆதலின், விகிர்தி ஆண்டு என்றிருந்தால் அது 1890-91ஆ, 1950-51ஆ என ஆராய்க. 1989 வரை ஆரணி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்ததையும் நினைவிற் கொள்க.

அறிவிப்பு வெளியிடப் பணம் வேண்டும். ஏழை நெசவாளர் பலருக்கு அது ஏது? ஆகவே, தாளில் பெயர் இல்லையெனில் தேடலை நிறுத்திவிடாதீர்கள். வீட்டுப் பெட்டியிலுள்ள கருமாதிப் பத்திரிகையையும், இறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். அனைத்திற்கும் முன்னர், உங்கள் பாட்டியாரிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.