தூணும் மேனியும்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, உத்திரமேரூர்ச் சாலையில் பாலாற்றை அடுத்த ஓரிக்கையில், காஞ்சி மடத்து மகாசுவாமிகளின் நினைவாகக் கருங்கல்லால் எழுப்பப்பெற்று 2011-இல் கும்பாபிஷேகம் கண்ட மணிமண்டபத்தின் தூண்களைத் தரிசித்துவிட்டு, வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திற்கும் செல்லும் ஒருவர், அங்கே தூணோடு தூணாய் நிற்கும் குதிரை வீரரையும் ரதி மன்மதரையும் கண்டதும், தூணும் மனித மேனியும் இவ்வட்டாரத்துச் சிற்பிகளுக்கு எத்துணைப் பழகிய ஜோடி என்பதை உணராதிருக்க இயலாது. கல்லில் அசையாது நின்ற அந்த உறவை உயிருள்ள உடலால் நிகழ்த்திக் காட்டும் வித்தைகள் இரண்டு உண்டு: ஒன்று நமது மல்லர் கம்பம், மற்றொன்று மேனாட்டுக் கேளிக்கை விடுதிகளில் வளர்ந்து, இன்று பயிற்சிக்கூடங்களுக்கும் மேடைக்கும் வந்துவிட்ட 'போல் டான்ஸ்' என்னும் கம்ப நடனம்.

மல்லர் கம்பத்தைப் பற்றிய குறிப்பு பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்திலேயே காணப்படுகிறது. தமிழகத்தில் இன்று அதற்குப் பெயர்பெற்ற ஊர் விழுப்புரம். தேக்கிலோ ஈட்டியிலோ கடைந்து, அடி பருத்து நுனி சிறுத்து, ஏறக்குறைய எட்டரை அடி உயரத்தில் நிற்கும் அக்கம்பத்திற்கு ஆமணக்கெண்ணெய் தடவுவார்கள். வழுக்கும் பொருளை வழுக்கக்கூடாத இடத்தில் தடவுவானேன் என்று கேட்கத் தோன்றும். விரைந்து தாவிச் சுற்றும் உடலின் தோல் மரத்தில் உராய்ந்து கன்றிப்போகாமல் எண்ணெய் காக்கிறது. உராய்வு குறைந்ததை ஈடுகட்டத் தொடையும் புஜமும் கம்பத்தை இன்னும் இறுக நெரிக்க வேண்டியிருப்பதால், வலிமையும் தானே வளர்கிறது.

நடனக் கம்பத்தின் நியாயம் இதற்கு நேர்மாறானது. சுமார் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த எஃகுக் குழாயில் எண்ணெய்ப் பசையே ஆகாது. ஆடுபவர் அதை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டே ஏறுகிறார். உலர்ந்த தோல் எஃகைப் பற்றும், துணியோ நழுவும். ஆதலால், பார்ப்பவர் கண்ணுக்குச் சபலமாகத் தோன்றும் அந்தக் குறைந்த உடை, முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் விலாவிலும் கம்பத்தைக் கவ்வி உயிரைக் காத்துக்கொள்ளும் உபாயமுமாகும். மல்லர் கம்பத்துச் சிறுவனும் லங்கோட்டோடுதான் ஏறுகிறான். அவனிடத்தில் வீரத்தைக் காணும் நாம், இவளிடத்தில் விரசத்தைக் காண்பதேன்?

அவளிடம் சிருங்காரமே இல்லையென்று சாதிப்பதும் பொய்தான். ஆனால் அது பிறக்கும் இடம் வேறு. தலைகீழாகத் தொங்கும் ஒருத்தி, ஒரு முழங்காலை மட்டும் கம்பத்தில் மடித்துக் கோத்து, கைகளை விரித்து, பாதநுனியை நீட்டி, தேன் வழிவதுபோல் மெல்ல இறங்குகிறாளே, அந்தச் சாவகாசம் சரேலென்று வழுக்கி இறங்குவதைவிடப் பன்மடங்கு கடினம். தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்கவேண்டும். சுழலும் கம்பமாயின், விரித்த அங்கங்களை உள்ளே ஒடுக்கினால் வேகம் கூடும், விரித்தால் குறையும். இந்தப் பௌதிக விதியைத் தாளத்திற்கு ஏற்ப ஆள்வதே அவளது லயம். பிரயாசை முழுவதும் மறைந்து சுகம் மட்டும் வெளியே தெரியும்போது அதை லாஸ்யம் என்று சொல்லத் தடையென்ன?

2009-இல் தோன்றிய சர்வதேசக் கம்ப விளையாட்டுச் சம்மேளனம், இவ்வித்தையை வித்தைக்காரரின் அங்க சாதனையாக அளந்து மதிப்பெண் இடுகிறது. கௌரவம் தேடும் கலைகள் யாவும் முதலில் சிருங்காரத்தையே வாசலுக்கு வெளியே நிறுத்துகின்றன போலும்! பரதநாட்டியத்தின் முன்வடிவமான நமது சதிருக்கும் அந்நிலை நேர்ந்ததுண்டு. 1925-இல், ஏழு வயதில், இதே காஞ்சிபுரத்தில் அரங்கேறிய பாலசரஸ்வதி, ஐம்பதாண்டு கழித்துத் தமிழ் இசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது, ஆடலின் பாவங்களுள் சிருங்காரமே தலையாயது என்றும், அதைச் சுத்திகரிக்க எவரும் வரவேண்டியதில்லை என்றும் வாதிட்டார். மல்லர் கம்பம் 2022-இல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டு விழாவில் இடம்பெற்றது நன்றே. எஃகுக் கம்பத்தில் ஆடுபவளுக்கோ விளையாட்டு விதிகளைக் காட்டிலும் பாலசரஸ்வதியின் வாதமே பொருந்தும் என்பது என் கட்சி.