பில் மெஷின் ஆன் ஆகவில்லையா? முதலில் கணக்கை வெளியே எடுங்கள்

அம்பத்தூரானாலும் ஆவடி, பூந்தமல்லியானாலும், கல்லாப்பெட்டியருகே சிட்டைப் புத்தகம் இருந்த இடத்தில் இன்று பில் போடும் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. சில மெஷின்களுக்குள் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர்தான். இவ்வகையில் பேர்போன ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் 'கம்ப்யூட் மாட்யூல் 4' 2020 அக்டோபரில் வெளிவந்தது.

பண்டிகை நேரத்தில் இது நின்றுவிட்டால், பழுது பார்ப்பவர் முதலில் சொல்வது "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடலாம்" என்பதுதான். உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாத்தாக வேண்டும். கடன் பாக்கிக் கணக்கும் அதற்குள்தானே இருக்கிறது? பாக்கிதாரர் எல்லோரும் அரிச்சந்திரன் அல்லவே!

முதலில் கரண்டைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 பலகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். செல்போன் சார்ஜரை மாட்டி ஓட்டுவது பாதி வியாதிக்குக் காரணம். அதன் நான்கு யூ.எஸ்.பி. துவாரங்களுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். ஹார்டு டிஸ்க்கையும் மற்றதையும் ஒன்றாகச் செருகினால் டிஸ்க் தெரியாமல் போகலாம். தனி மின்சாரம் உள்ள யூ.எஸ்.பி. ஹப் வைத்தால் தீரும்.

மாட்யூலில் சங்கதி வேறு. பெரும்பாலானவற்றில் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த வகையில் மெமரி கார்டைச் செருகினால் அதைப் படிக்காது; கார்டு மேல் கார்டாக வாங்குவது வீண் செலவு. 'லைட்' என்ற வகைக்கே கார்டு உதவும். அடிப்பலகையில் பூட் ஜம்பர் என்று சிறு இணைப்பு ஒன்று உண்டு. அதைப் போட்டால் மாட்யூல் தன் நினைவகத்திலிருந்து கிளம்பாமல், யூ.எஸ்.பி. வழியே இன்னொரு கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கும். பழுது பார்த்தவர் அதைக் கழற்ற மறந்தால், மெஷின் செத்தது போலவே கிடக்கும்!

அதே ஜம்பர்தான் நமக்குக் கைகொடுப்பதும். அதைப் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் 'ஆர்பிஐபூட்' என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், மாட்யூலின் நினைவகம் பென் டிரைவ் போலத் தெரியும். முழுவதையும் நகலெடுத்த பிறகே அழிக்க அனுமதியுங்கள். கேபிள் டேட்டா போகும் கேபிளாக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளில் ஒன்றும் தெரியாது. ரிச்சி தெருவில் வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்கவும்.

மெஷின் ஓடியும் யூ.எஸ்.பி. துவாரம் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் மாட்யூலை மாற்றிவிடாதீர்கள். மின்சாரம் மிச்சப்பட மாட்யூல் 4-இல் அது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.