வேல்ஸும் திருத்தணியும்

பாரிவாக்கம் சந்திப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, 2022 உலகக் கோப்பைல இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரே குரூப்ல மோதுனாங்களே. ரெண்டும் ஒரே நாடுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி ரெண்டு டீம்?"

பாஸ்போர்ட்டைப் பார்த்தால் ஒரே நாடுதான். மக்களைப் பார்த்தால் இரண்டு இனம், இரண்டு மொழி, இரண்டு வரலாறு. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு எப்படி இரண்டாகவே நிலைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லை ஏன் இப்போது இருக்கும் இடத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே புரியும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிரிட்டன் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மலைநாடு வேல்ஸ். மக்கள்தொகை 31 லட்சத்துக்குச் சற்று அதிகம். அவர்களுடைய மொழியான வெல்ஷ், ஆங்கிலேயரின் முன்னோர் அந்தத் தீவில் கால்வைப்பதற்கு முன்பே அங்கே பேசப்பட்ட பழைய மொழியின் வாரிசு. 1282இல் இளவரசர் லெவெலின் கொல்லப்பட்டதோடு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் ஆட்சி அங்கே நிலைபெற்றது. 1536இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தது. நீதிமன்ற மொழி ஆங்கிலம் மட்டுமே, ஆங்கிலம் தெரியாதவருக்கு அரசுப் பதவி இல்லை என்றும் அதே சட்டம் விதித்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் வெல்ஷ் மட்டுமே அறிந்திருந்த காலம் அது.

அரசு கைவிட்ட மொழியைக் காப்பாற்றியது தேவாலயம். 1588இல் வில்லியம் மார்கன் என்ற பாதிரியார் பைபிள் முழுவதையும் வெல்ஷில் வெளியிட்டார். ஞாயிறுதோறும் ஊர் ஊராக அந்த உரைநடை உரக்க வாசிக்கப்பட்டதால், எழுத்துமொழிக்கு ஒரு பொது வடிவம் கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற மற்றொரு பாதிரியார், சில மாதங்கள் ஓர் ஊரில் நடந்து பிறகு அடுத்த ஊருக்கு நகரும் பள்ளிகளைத் தொடங்கினார். உழவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தாய்மொழியில் வாசிக்கக் கற்றார்கள். ஆட்சி இல்லாத மொழிக்கு வாசிப்பவர்கள் இருந்தார்கள்.

அடி விழுந்தது 19ஆம் நூற்றாண்டில். வேல்ஸின் கல்வி நிலையை ஆராய லண்டன் அனுப்பிய ஆணையர்கள் 1847இல் அறிக்கை கொடுத்தார்கள். வெல்ஷ் மொழிதான் அந்த மக்களைப் பின்னால் இழுக்கிறது என்றும், அவர்களின் ஒழுக்கமே குறையுள்ளது என்றும் அது எழுதியது. பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டிவிடும் வழக்கம் இருந்தது. அடுத்து வெல்ஷ் பேசி மாட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அது கைமாறும். வகுப்பு முடியும்போது யாரிடம் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்குத் தண்டனை.

ஆனால் மரத்துண்டைவிட ஆழமாக வேலை செய்தது பிழைப்பு. தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வெளியிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். வேலை, வியாபாரம், பதவி உயர்வு எல்லாம் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தன. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசையில் பெற்றோரே வீட்டில் மொழியை மாற்றிக்கொண்டார்கள். 1911இல் மக்களில் 43.5 சதவீதம் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 சதவீதம், ஏறத்தாழ 5 லட்சத்து 38 ஆயிரம் பேர்.

இனி நம் பக்கம் வருவோம். ஆவடியில் புறநகர் ரயில் ஏறினால் திருவள்ளூர், அரக்கோணம் தாண்டித் திருத்தணியில் இறங்கலாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு போகிறவர்களுக்கு அது பழகிய பாதை. ஆனால் 1953 அக்டோபர் 1 முதல் 1960 மார்ச் 31 வரை அந்த ரயில் போய்ச் சேர்ந்த திருத்தணி ஆந்திராவில் இருந்தது.

கதை சென்னையிலேயே தொடங்குகிறது. தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு மயிலாப்பூரில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 58ஆம் நாள், 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டார். தன் மொழியில் தன்னை ஆள நினைத்த ஒரு மக்களின் நியாயமான ஆசைக்காக அவர் இறந்தார். அதை நாம் மரியாதையோடு நினைக்க வேண்டும். தகராறு எல்லையில் வந்தது. சென்னை நகரும் ஆந்திராவுக்கு வேண்டும் என்ற குரல் வலுவாக எழுந்தது. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகமும் முழங்கினார்கள். சென்னை நமக்கு நின்றது. சித்தூர் மாவட்டம் முழுவதும், அதற்குள் இருந்த திருத்தணியும் சேர்ந்து, ஆந்திராவுக்குப் போனது.

அந்த வட்டாரத்தில் தமிழுணர்வை விதைத்தவர் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர். ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ம.பொ.சி.யோடு சேர்ந்து அவரும் மற்றவர்களும் மறியல் செய்தார்கள், சிறை போனார்கள். இறுதியில் மத்திய அரசு பட்டாஸ்கர் என்பவரை எல்லைத் தகராறுக்கு நடுவராக நியமித்தது. மாவட்டத்தையோ தாலுகாவையோ மொத்தமாக எடுக்காமல், ஒவ்வொரு கிராமத்தையும் ஓர் அலகாக வைத்து, அங்கே எந்த மொழிக்காரர் அதிகம், அந்த நிலம் எந்தப் பக்கத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறது என்று பார்த்தார்கள். அதன்படி 1959இல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு உட்பட அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதிக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி அங்கேயே நின்றது. செங்கல்பட்டிலிருந்து திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிந்தபோது திருத்தணியும் பூந்தமல்லியும் நம் பாரிவாக்கமும் அந்தப் புதிய மாவட்டத்துக்குள் வந்தன.

எல்லை கிடைத்த பிறகும் பெயர் கிடைக்கவில்லை; அதற்கான போராட்டமோ முன்பே தொடங்கியிருந்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுவது உட்படப் பல கோரிக்கைகளோடு விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று இறந்தார். 1967 ஜூலை 18 அன்று அண்ணா முதல்வராக இருந்த சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 பொங்கலன்று, ஜனவரி 14 அன்று, அது நடைமுறைக்கு வந்தது.

அதே 1967இல்தான் வேல்ஸிலும் ஒரு கதவு திறந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சான்டர்ஸ் லூயிஸ், போராடாவிட்டால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் செத்துவிடும் என்று வானொலியில் எச்சரித்தார். அந்த ஆண்டே இளைஞர்கள் மொழிச் சங்கம் அமைத்தார்கள். 1965இல் லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக, வெல்ஷ் பேசும் காப்பெல் கெலின் என்ற கிராமம் வீடு, பள்ளி, தேவாலயத்தோடு நீர்த்தேக்கத்தில் மூழ்கடிக்கப்பட்டது. வேல்ஸின் எம்.பி.க்களில் ஒருவர்கூட அந்தத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் முதல் எம்.பி.யாக க்வின்ஃபோர் எவன்ஸ் வென்றார். 1967 சட்டம், நீதிமன்றத்தில் விரும்புகிறவர் வெல்ஷில் பேசலாம் என்றது. வெல்ஷ் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்குறுதியிலிருந்து தாட்சர் அரசு பின்வாங்கியபோது, சாகும்வரை உண்ணாவிரதம் என்று 1980இல் எவன்ஸ் அறிவித்தார். அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பரில் அலைவரிசை தொடங்கியது. சங்கரலிங்கனாருக்கும் ஸ்ரீராமுலுவுக்கும் இந்த நாட்டில் கிடைக்காத காது அவருக்குக் கிடைத்தது.

வேல்ஸுக்கென்று தனிப் பேரவை வேண்டுமா என்று கேட்ட 1979 வாக்கெடுப்பில் வேல்ஸ் மக்கள் பெரும்பான்மையாக வேண்டாம் என்றார்கள். 1997இல் 6,721 வாக்கு வித்தியாசத்தில் வேண்டும் என்றார்கள். 2011இல் வெல்ஷ் அங்கே அதிகாரபூர்வ மொழியானது. 2050க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்பது இப்போது அரசின் இலக்கு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். நமக்கு எல்லை, ஆட்சி, பெயர் மூன்றும் மொழியின் அடிப்படையில் கிடைத்தன. அவர்களுக்கு எல்லை எப்போதோ இருந்தது. மொழிக்கான வேலைகளைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள்: முதலில் பள்ளி, பிறகு நீதிமன்றம், பிறகு தொலைக்காட்சி, பிறகு அரசு அலுவலகம். 1939இல் அபெரிஸ்ட்வித்தில் ஏழு குழந்தைகளோடு ஒரு வெல்ஷ்வழிப் பள்ளி தொடங்கியது. இன்று வெல்ஷே தெரியாத பெற்றோர்கள் தம் பிள்ளைகளை அத்தகைய பள்ளிகளில் விரும்பிச் சேர்க்கிறார்கள். வெல்ஷ் பேசாதவரை அயலாராகத் தள்ளாமல் உள்ளே அழைத்ததால் நடந்த காரியம் இது. அங்கே ஏறத்தாழ ஆறில் ஐந்து பேருக்கு அந்த மொழி பேசத் தெரியாது. ஆனாலும் அவர்களில் பெரும்பகுதியினர் தங்களை வெல்ஷ்காரர் என்றே சொல்கிறார்கள்.

தமிழருக்குள்ளும் இப்படி உண்டு. மொரீஷியஸில் தைப்பூசக் காவடி எடுக்கும் தமிழர்களில் மிகப் பலர் வீட்டில் பேசுவது கிரியோல். ஆனால் தமிழ் என்ற அடையாளத்தை அவர்கள் விடவில்லை. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. மொழி போன பின்னும் அடையாளம் கொஞ்சக் காலம் நிற்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி. ஆனால் தாத்தா பாடிய பாட்டின் பொருளைப் பேரன் வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நிலை நமக்கு வர வேண்டாம் என்பதுதான் என் கவலை.

ஏழு கோடிப் பேர் பேசும் மொழிக்கு என்ன ஆபத்து என்று நீ கேட்கலாம். எண்ணிக்கை பெரிய பலம்தான். ஆனால் வேல்ஸில் மொழியை வீட்டைவிட்டு அனுப்பியவர்கள் பிள்ளைமேல் பாசம் வைத்த பெற்றோர்கள். அம்பத்தூர் முதல் பூந்தமல்லிவரை, தமிழ் சரளமாகப் பேசியும் ஒரு பக்கம் வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் நிறைவேறவில்லை. எல்லைக்காகச் சிறை போனவர்கள் பாதி வேலையை முடித்துக்கொடுத்தார்கள். மீதி பாதி நம் கையில் இருக்கிறது.

அந்த மீதியில், பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பத்தின் பிள்ளை தெலுங்கும் படிக்க வழி இருப்பதும் அடங்கும். சத்தியவேட்டிலும் நகரியிலும் உள்ள தமிழருக்கு நாம் கேட்கும் உரிமை அதுவே. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரின் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் படித்து முதல் மதிப்பெண் வாங்கினால், தமிழுக்கு ஒரு ஆள் கூடுகிறது என்று மகிழ்வதும் அடங்கும். வங்கியில் தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கு. தம்பி தங்கைக்குத் தினமும் ஒரு பக்கம் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடு. நீதிமன்றத்தில் தன் வழக்கு தனக்கே புரிய வேண்டும் என்று கேட்கிறவரோடு நில். ஒரு மொழிக்கு அன்றாட வேலை இருக்கும்வரை அதைப் பேசும் மக்கள் தனித்த மக்களாகவே இருப்பார்கள்.