குருதி கூறும் உண்மை

மனிதனின் குருதியிலுள்ள சிவப்பணுக்கள் வட்டத் தட்டுப் போன்றவை. சிலருக்கு அவை கதிர் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துக் கடும் வலியை விளைவிக்கும். அரிவாளணுச் சோகை எனப்படும் இந்நோயைச் சிக்காகோ மருத்துவர் ஹெரிக் 1910ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். அவர் கண்ட நோயாளி ஒரு கறுப்பின மாணவர். அதன்பின் மருத்துவர் பலர் இதனைக் கறுப்பினத்தார்க்கே உரிய நோயென்று கருதினர். வெள்ளையரிடம் இது காணப்பட்டபோதும், அவர்தம் முன்னோருள் கறுப்பினத்தார் இருந்திருத்தல் வேண்டும் என்றே சிலர் வாதிட்டனர்.

1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர், நீலகிரிப் பழங்குடி மக்களின் குருதியிலும் அரிவாளணுத் தன்மை உண்டென்று வெளியிட்டனர். ஆப்பிரிக்காவுக்கும் நீலகிரிக்கும் பொதுவாக இருந்தது யாது? 1954ஆம் ஆண்டில் அலிசன் என்னும் அறிஞர் அதற்கு விடை தந்தார். இத்தன்மையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தை நோயுறும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தையோ கொடிய மலேரியாவுக்கு எளிதில் இரையாவதில்லை. ஆகவே, மலேரியா மிகுந்த நாடுகளில் இத்தன்மை தலைமுறைதோறும் நிலைபெற்றது.

இன்று சிறிதளவு குருதியைச் சோதித்தே இந்நோயை அறியலாம். தோலின் நிறத்தைக் கண்டு நோயைத் துணியும் மருத்துவன், குருதி கூறும் உண்மையைக் கேளாதவன் ஆவான்.