வீட்டு மின்சாரம் – 11: திருப்பிக் கேட்கிற கடைக்காரர்

எலெக்ட்ரிக் கடைக்குப் போய் “32 ஆம்ப் எம்.சி.பி. ஒண்ணு குடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு விலையைச் சொல்வார். இன்னொருவர் பெட்டியைத் தொடாமலே, “இப்ப என்ன போட்டிருக்கு? எதுக்கு மாத்துறீங்க?” என்பார். இந்த இரண்டாமவர் உங்கள் தெருவில் இல்லையென்றால், பஸ் ஏறியாவது அவர் கடைக்குப் போங்கள். போன வாரம் எர்த் பற்றிச் சொன்னதெல்லாம், சரியான சாமான் கைக்கு வந்தால்தான் பலிக்கும்.

எங்கள் பகுதிக் கடை ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது.

“தம்பி, ஹீட்டர் போட்டா கட் ஆகுது. பெரிசா ஒண்ணு குடுப்பா.”

“எத்தனை வாட் ஹீட்டர்க்கா?”

“தெரியலையே. திறந்த உடனே சுடுதண்ணி வரும், அந்த மாதிரி.”

“அப்ப மூவாயிரம் வாட்டா இருக்கும். சுவத்துக்குள்ள என்ன ஒயர் போகுது?”

“வீடு கட்டினப்ப போட்டதுதான்.”

“எலெக்ட்ரீஷியனை விட்டு போர்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கக்கா. ஒயர் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க, அப்புறம் தர்றேன்.”

அந்த அம்மா வெறுங்கையோடு போனார். அன்றைய வியாபாரத்தை விட்டுக்கொடுத்த அந்தத் தம்பி செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று கணக்குப் போட்டால் புரியும்.

3000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்ப் இழுக்கும். அதற்கு 16 ஆம்ப் எம்.சி.பி. விழக் கூடாது. விழுகிறது என்றால் அதே லைனில் வேறு ஏதோ ஓடுகிறது, அல்லது ஸ்குரூ தளர்ந்து அந்த இடம் சூடாகிறது, அல்லது எம்.சி.பி.யே கெட்டிருக்கிறது. எதுவென்று பார்க்காமல் 32 போட்டால் விழுவது நின்றுவிடும், கோளாறு அப்படியே இருக்கும். எம்.சி.பி. இருப்பது ஹீட்டரைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் போகும் ஒயரைக் காப்பாற்ற. குழாய்க்குள் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஏறத்தாழ 14, 15 ஆம்ப் தாங்கும். 32 ஆம்ப் எம்.சி.பி.யோ 36 ஆம்ப் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் விழாது. 46 ஆம்ப் ஓடினால்கூட, ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் அதற்கான தர விதி. அதற்குள் ஒயரின் மேலுறை உருகிவிடும். அது நமக்குத் தெரியவும் தெரியாது.

ஒயரின் பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. மூத்த எலெக்ட்ரீஷியன்கள் இன்றும் சீட்டில் 3/20, 7/20 என்றுதான் எழுதுகிறார்கள். 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று, கூட்டினால் ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர். இன்று கடையில் இருப்பது 1.5, அடுத்தது 2.5. சீட்டை நீட்டினால் சில கடைகளில் 1.5 கட்டிக் கொடுத்துவிடுவார்கள், விலை குறைவு என்று நாமும் வாங்கி வருவோம். விளக்குக்கும் ஃபேனுக்கும் அது போதும். ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு போடுகிற 16 ஆம்ப் சாக்கெட்டுக்குப் போதாது, 2.5 வேண்டும். ஏ.சி. என்றால் 4 என்று கேளுங்கள்.

ஃபேன் கண்டன்சரும் இதே கதைதான். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று போனால், “3.15 போடுங்க, நல்லா சுத்தும்” என்பார்கள். 2.5 இருந்த ஃபேனில் 3.15 போட்டால் வேகம் கூடலாம், கூடவே காயிலும் சூடாகும். பழைய கண்டன்சரைக் கையோடு எடுத்துப்போய், அதில் அச்சாகியிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள். எந்தச் சாமானுக்கும் இதுதான் வழி. கழற்றிய பொருள், போர்டின் போட்டோ, கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் விவரம், இவை கையில் இருந்தால் கடைக்காரர் ஊகிக்க வேண்டியதில்லை.

வாங்கும் ஒயர் அசல்தானா? மேலுறையில் கம்பெனி பெயர், அளவு, ஐ.எஸ். 694, ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். ஒயருக்கும் ஸ்விட்சுக்கும் எம்.சி.பி.க்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கினால் கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

எலெக்ட்ரீஷியனும் கடைக்காரரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. ஒயர் காயில் பெட்டிக்குள் எலெக்ட்ரீஷியனுக்கான கூப்பனை வைப்பதும், ஸ்கேன் செய்தால் பாயிண்ட் ஏறுவதும் பல கம்பெனிகளில் நடப்பதுதான். கடையும் கமிஷன் கொடுக்கலாம். வெயிலில் ஏணி ஏறுகிறவருக்கு அப்படி வரும் காசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த கம்பெனி என்பதை அவர் சொல்லட்டும், எந்த அளவு என்பதைக் காரணத்தோடு சொல்லட்டும், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கடைக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வியும் உண்டு. பத்து வருஷம் கவுண்டரில் நின்றவருக்கு எந்தத் தட்டுக்கு எந்த ஸ்விட்ச் பொருந்தும் என்று கைக்கே தெரியும், அந்த அறிவு பெரியது. உங்கள் வீட்டில் ஷாக் அடிப்பது ஏன் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. “ஒரு ஆர்.சி.சி.பி. போட்டுடுங்க” என்று அவர் சொல்வது நல்ல யோசனைதான், 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே அது லைனை அறுத்துவிடும். ஆனால் அது ஓவர்லோடுக்கு விழாது, எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒயர்மேன் தகுதிச் சான்றிதழ் உள்ளவர் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைய வேலைக்குச் சாமான் எடுக்க எலெக்ட்ரீஷியன்கள் நிற்கும் நேரம் அது, யாருக்கும் நின்று பேச முடியாது. மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் அதே கடைக்காரர் இரண்டு ஸ்விட்சை உங்கள் முன்னாலேயே கழற்றி, உள்ளே இருக்கும் பித்தளையின் தடிமனைக் காட்டுவார்.

(அடுத்த வாரம்: இன்வெர்ட்டர் லைனைப் பிரிப்பது எப்படி?)